வேண்டாம் என்று சொல்லுமுன்: பழமும் பாலும் சேர்ந்த பசுந்தேநீர் குறித்துச் சில சொற்கள்

வெளிநோயாளர் பிரிவில் ஒரு முற்பகலில் நான் எத்தனை முறை ‘வேண்டாம்’ என்று சொல்கிறேன் என்பதை எங்கள் செவிலியர் ஒருவர் விளையாட்டாக எண்ணிப் பார்த்தார். நாற்பதைத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். சிறுநீரக மருத்துவனாக இருப்பவனுக்கு இது வியப்பன்று. உப்பு வேண்டாம், இளநீர் வேண்டாம், ஊறுகாய் வேண்டாம், கருவாடு வேண்டாம், வலி மாத்திரை வேண்டாம். இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குத் தக்க காரணம் உண்டு. ஆயினும் காரணத்தைச் சொல்லாமல் நான் சொன்ன ஒரு ‘வேண்டாம்’ சென்ற ஆண்டு ஒருவரை உயிராபத்தின் விளிம்புவரை கொண்டு சென்றது. அதைப் பற்றி எழுதவே இந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கினேன்.

குருசுக்குப்பத்தைச் சேர்ந்த முதியவர் ஒருவர். நாற்பது ஆண்டுகள் கடலுக்குச் சென்றவர். நீரிழிவால் சிறுநீரகங்கள் செயலிழந்து, வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்துகொள்கிறார். அவருடைய ஒப்புதலோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். அவருடைய மகள், கடற்கரைச் சாலைப் பக்கம் ஒயிட் டவுனில் உள்ள ஒரு காபிக் கடையில் வேலை செய்கிறார். சுற்றுலாப் பயணிகள் விரும்பி வாங்கும் ‘கிரீன் டீ லாட்டே’ என்ற பானத்தை அங்கேதான் கற்றுக்கொண்டார். பசுந்தேநீரில் சூடான பாலை நுரைக்க ஊற்றி, மசித்த பழம் சேர்த்துத் தருவார்கள். மழைக்கால மாலையில் கடற்காற்று ஈரமாக வீசும்போது இரு கைகளாலும் பிடித்துக் குடிக்க இதமான பானம். அப்பாவுக்கும் அதைச் செய்து தரலாம் என்று மகள் விரும்பினார். என்னிடம் கேட்கவும் கேட்டார்.

“அப்பாவுக்கு வீட்ல கிரீன் டீ லாட்டே போட்டுக் குடுக்கலாமா டாக்டர்?”

நான் மருந்துச்சீட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. “கிரீன் டீயெல்லாம் வேணாம்மா” என்றேன். அடுத்த நோயாளியை அழைத்தேன்.

ஏறத்தாழ பத்து நாட்கள் கழித்து, டயாலிசிஸுக்குரிய நாளுக்கு முந்தைய இரவில், கால்கள் துவண்டு எழ முடியாத நிலையில் அந்தப் பெரியவரை அழைத்து வந்தார்கள். இதயத் துடிப்பின் பதிவில் அலைகள் கூடாரம்போல் கூர்மையாக எழுந்து நின்றன. இரத்தத்தில் பொட்டாசியம் 7-ஐத் தொட்டிருந்தது, 5.5-க்குமேல் சென்றாலே நாங்கள் கவலைகொள்ளும் அளவு அது. கால்சியம் ஊசி, இன்சுலின், அவசர டயாலிசிஸ் எல்லாம் நடந்தன. விடிவதற்குள் தேறிவிட்டார். இன்னும் இரண்டு மணி நேரம் தாமதித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேறு தொனி வந்திருக்கும்.

காலையில் மகளிடம் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டேன். அவர் தயங்கவே இல்லை. “நீங்க வேணாம்னு சொன்னது கிரீன் டீயத்தானே டாக்டர்? அதான் டீய எடுத்துட்டேன். அதுக்குப் பதிலா பழத்த அதிகமாப் போட்டேன்” என்றார். படுக்கையிலிருந்து தந்தை குறுக்கிட்டார். “அவளச் சொல்லாதீங்க டாக்டர். நான்தான் கேட்டு வாங்கிக் குடிச்சேன். தண்ணிய அளந்து குடிக்கிறவனுக்கு நாக்குக்கு வேற என்ன இருக்கு?”

அந்தப் பெண் என் சொல்லை மீறவில்லை. எழுத்துக்கு எழுத்து அதன்படி நடந்தார். என் சொல்தான் தவறான பொருளைச் சுட்டிக்காட்டியிருந்தது. இரண்டு பெரிய வாழைப்பழம், ஒரு சிறு குவளை தேங்காய்ப் பால், வெள்ளைச் சர்க்கரை கெடுதல் என்று கேள்விப்பட்டு அதற்குப் பதிலாக நாட்டுச் சர்க்கரை இரண்டு கரண்டி. கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிராம் வாழைப்பழத்தில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. தோலுரித்த இரண்டு பெரிய பழங்களில் 700-க்குக் குறையாது. தேங்காய்ப் பாலில் ஓர் இருநூறு. வெள்ளைச் சர்க்கரையில் பொட்டாசியம் அறவே இல்லை எனலாம். நாட்டுச் சர்க்கரையில் கணிசமாக உண்டு. டயாலிசிஸ் நோயாளி ஒருவருக்கு நாள் முழுவதற்கும் நாங்கள் பொதுவாக அனுமதிப்பது 2000 மில்லிகிராமை ஒட்டிய அளவு. அதில் பாதிக்கு மேல் ஒரே குவளையில், அதுவும் மாலைதோறும் உள்ளே போயிருக்கிறது. நான் தடுத்த பசுந்தேநீரில் எவ்வளவு இருந்திருக்கும்? 100 மில்லிலிட்டர் வடிநீரில் இருபது, முப்பது மில்லிகிராம் இருந்தால் அதிகம். குற்றமற்றதை வெளியேற்றிவிட்டு மற்றவற்றை உள்ளே அனுமதித்தது நான்தான்.

பொட்டாசியம் ஏன் இவ்வளவு அஞ்சத்தக்கது என்று கேட்கலாம். நலமான சிறுநீரகம் உணவில் வரும் மிகுதியை அன்றன்றே சிறுநீரில் தள்ளிவிடும். செயலிழந்த சிறுநீரகத்தால் அது இயலாது. ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததற்கும் இடையே அது இரத்தத்தில் சேர்ந்துகொண்டே போகும். வலியில்லை, வீக்கமில்லை, நாவில் ஒரு மாற்றமும் தெரியாது. சில வேளை தசைகள் துவளும். சில வேளை முதல் அறிகுறியே இதயம் நின்றுவிடுவதாக இருக்கும். ஆகவேதான் இளநீரைக் கண்டால் நாங்கள் பதறுகிறோம். இயற்கையானது, குளிர்ச்சியானது என்று எல்லோரும் போற்றும் அந்த நீரில், 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 250 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. நலமுள்ளவர் வெயிலில் பருக அதைவிடச் சிறந்தது குறைவு. டயாலிசிஸ் செய்பவருக்கு அது வேறு பொருள்.

பசுந்தேநீரை நான் ஏன் அவ்வளவு எளிதாகத் தள்ளினேன் என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. அதன் பெயரைக் கேட்டாலே எனக்குச் சற்று எரிச்சல் வரும். கிரீன் டீ குடித்தால் கிரியாட்டினின் இறங்கும், சர்க்கரை இறங்கும், கொழுப்பு கரையும் என்று கைப்பேசியில் வரும் செய்திகளைக் காட்டி, மாத்திரைகளை நிறுத்திவிட்டு வருவோரை மாதந்தோறும் பார்க்கிறேன். அந்த எரிச்சலை ஒரு மகளின் அன்பான கேள்வியின்மேல் இறக்கி வைத்துவிட்டேன்.

இப்போது எரிச்சலை ஒதுக்கிவிட்டுப் பேசலாம். பசுந்தேநீரும் நாம் தெருமுனையில் குடிக்கும் தேநீரும் ஒரே செடியின் இலைதான். பறித்த இலையை நசுக்கிக் காற்றில் கறுக்கவிட்டால் சாதாரணத் தேயிலை. பறித்தவுடன் சூடுகாட்டி, கறுக்காமல் தடுத்து உலர்த்தினால் பசுந்தேயிலை. நீலகிரியில் இரண்டும் உருவாகின்றன. இதில் நம் ஊருக்கும் ஒரு சிறு பங்கு உண்டு என்பதை நம்மில் பலர் அறியோம். உதகைக்கு அருகே கேத்தியில் இருந்த சோதனைப் பண்ணைக்கு 1835-இல் கல்கத்தாவிலிருந்து தேயிலைக் கன்றுகள் வந்தன. பின்னர் அந்தப் பண்ணை கைவிடப்பட, அவ்விடம் அன்றைய புதுச்சேரி ஆளுநர் சேன்-சிமோன் பிரபுவின் பொறுப்புக்கு வந்தது. அளவுக்கு மீறிய ஆழத்தில் நடப்பட்டு நலிந்துகிடந்த கன்றுகளைப் பிரெஞ்சுத் தாவரவியலாளர் பெரோத்தே கவனித்தார். வேரை மூடியிருந்த மண்ணை அகற்றியதும் அவை தழைத்துப் பூத்தன. அவர்தாம் நம் தாவரவியல் பூங்காவிலும் நெடுங்காலம் பணியாற்றியவர். பழைய பேருந்து நிலையத்துக்கு அருகே மாலையில் நடக்கச் செல்வோர் நினைத்துக்கொள்ளலாம்.

பசுந்தேநீர் மருந்தா என்ற கேள்வி எண்ணூறு ஆண்டுப் பழமையானது. ஜப்பானியத் துறவி எய்சாய் 1211-இல் தேநீர் அருந்தி உடல்நலம் காப்பது பற்றி ஒரு நூலே எழுதினார். நம் காலத்தில் அதே நாட்டில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2006-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. நாளொன்றுக்கு ஐந்து கோப்பையும் அதற்கு மேலும் பசுந்தேநீர் அருந்தியோரிடையே இதய, இரத்தநாள நோய்களால் நேர்ந்த இறப்பு குறைவாக இருந்தது. புற்றுநோய் இறப்பில் அத்தகைய வேறுபாடு தெரியவில்லை. இது நல்ல செய்தியே. ஆனால் அவர்கள் அருந்தியது பாலும் சர்க்கரையும் சேராத வெறும் தேநீர். அவர்கள் உணவும் வாழ்க்கை முறையும் நம்முடையவை அல்ல. பின்தொடர்ந்து பார்க்கும் ஆய்வு, தேநீர்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்லவும் இயலாது. பால் சேர்த்தால் என்னவாகும்? பெர்லினில் 2007-இல் 16 பெண்களிடம் கறுப்புத் தேநீரைக்கொண்டு செய்த சிறிய ஆய்வில், தேநீர் இரத்தக் குழாய்களைத் தளர்த்தி விரிக்கும் தன்மை, பால் சேர்த்ததும் மறைந்துபோனது. பாலின் கேசின் என்ற புரதம் தேநீரின் துவர்ப்புப் பொருள்களைப் பிணைத்துக்கொள்வதே காரணம் என்றார்கள்.

ஆகவே, பால் ஊற்றிப் பழம் கலந்த பசுந்தேநீரை மருந்தென்று எண்ணிக் குடிப்பதில் பொருளில்லை. நானும் அதை மருந்தாகப் பரிந்துரைக்கவில்லை. மாலையில் ஒரு மனிதருக்கு வாய்க்கு இதமாக, மகள் கையால் கிடைக்கும் ஒரு குவளை என்ற அளவில்தான் பேசுகிறேன். அந்த அளவில் அதன் மதிப்பு சிறிதன்று. நாளுக்கு ஒரு லிட்டருக்கும் குறைவான நீரில் வாழ்பவருக்கு, உப்பில்லாக் குழம்பும் வேகவைத்து வடித்த காயும் மட்டுமே உண்பவருக்கு, நாள் முழுதும் எதிர்நோக்கத்தக்க ஒன்று இருப்பது சிகிச்சையைத் தொடரும் மனத்தைத் தருகிறது. டயாலிசிஸைக் கைவிட்டுவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறேன் என்று சொன்னவர்கள் பலரை நான் அறிவேன். அவர்களுள் வலியைக் காரணமாகச் சொன்னவர்கள் குறைவு. வாழ்க்கை சப்பென்று போய்விட்டது என்றவர்கள்தாம் மிகுதி.

அப்படியானால் அதை எப்படிச் செய்வது? அந்தப் பெண்ணும் எங்கள் உணவியல் வல்லுநரும் நானும் உட்கார்ந்து திட்டமிட்ட முறையைச் சொல்கிறேன்.

பழத்துக்கு ஆப்பிள் அல்லது பேரிக்காய். இவற்றில் 100 கிராமுக்கு 110 மில்லிகிராமை ஒட்டியே பொட்டாசியம் இருக்கும்; வாழைப்பழத்தில் மூன்றில் ஒரு பங்கு. பாதி ஆப்பிளைத் தோல் சீவிச் சிறு துண்டுகளாக நறுக்கி, நிறைய நீரில் பத்து நிமிடம் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். பொட்டாசியத்தில் ஒரு பகுதி அந்த நீரோடு போய்விடும். சத்து வீணாகிறதே என்று பாட்டிமார் வருந்துவார்கள். இங்கே வீணாவதுதான் நமக்கு வேண்டும். வெந்த துண்டுகளோடு ஓர் ஏலக்காயைத் தட்டிப் போட்டு, மசித்து வடிகட்டுங்கள். இரண்டு மேசைக்கரண்டி விழுது கிடைத்தால் போதும்.

அன்னாசியும் பொட்டாசியம் குறைந்த பழந்தான். ஆனால் பச்சை அன்னாசியைப் பாலில் கலந்தால் சிறிது நேரத்தில் கசந்துவிடும். அதிலுள்ள புரோமெலைன் என்ற நொதி பாலின் புரதத்தைச் சிதைப்பதே காரணம். நன்றாக வேகவைத்தால் அந்த நொதி அழிந்துவிடும். எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற புளிப்புப் பழச்சாறு எதுவும் சூடான பாலைத் திரித்துவிடும். கடையில் அதற்கென்று சேர்க்கும் பொருள்கள் வீட்டில் இல்லை, வேண்டவும் வேண்டாம்.

தேநீருக்கு, கொதித்த நீரை நேரே இலையின்மேல் ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்து நான்கைந்து நிமிடம் ஆறவிடுங்கள். கொதிநீர் பட்டால் பசுந்தேயிலை கசக்கும். கசந்தால் சர்க்கரை கேட்கும். பெரும்பாலோர் ‘கிரீன் டீ கசக்கும்’ என்பது இதனால்தான். 100 மில்லிலிட்டர் நீருக்கு ஒரு தேக்கரண்டி இலை, அல்லது ஒரு பை. இரண்டு நிமிடத்தில் வடித்துவிடுங்கள். பையைப் பிழிய வேண்டாம்.

பால் 50 மில்லிலிட்டர், தனியே காய்ச்சியது. நுரைக்கக் கருவி எதற்கு? காபியை டபராவுக்கும் டம்ளருக்கும் இடையே ஆற்றத் தெரிந்த நாட்டில் நுரைக்குக் குறைவில்லை. இத்தாலியர் ‘லாட்டே’ என்பதும் பிரெஞ்சுக்காரர் ‘லே’ என்பதும் பாலைத்தான். நம் ஊர்ப் பெரியவர்கள் சிலர் இன்றும் ‘கஃபே ஓ லே’ என்பார்கள். டம்ளரின் அடியில் பழ விழுது, அதன்மேல் தேநீர், கடைசியில் பால். கலந்தபின் மீண்டும் அடுப்பில் வைக்காதீர்கள். சற்று ஆறியபின் அருந்துங்கள். 65 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் பானங்களை வழக்கமாக அருந்துவது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2016-இல் அறிவித்தது. நாக்கைச் சுடாத சூடே சரியான சூடு.

மொத்தம் 170, 180 மில்லிலிட்டர். டயாலிசிஸ் செய்பவர் இதை அன்றைய நீர்க் கணக்கில் கழித்துக்கொள்ள வேண்டும். முந்தைய நாள் கழித்த சிறுநீரின் அளவு, அதனோடு அரை லிட்டர் என்பதுதான் நாங்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. தேநீர், மோர், கஞ்சி, ரசம் எல்லாம் அதற்குள் அடங்கும். பாலில் பாஸ்பரசும் பொட்டாசியமும் உண்டு. 50 மில்லிலிட்டருக்கு அஞ்ச வேண்டியதில்லை, 200-க்கு அஞ்ச வேண்டும். கடையில் விற்கும் பாதாம் பால் போன்றவை பாலைவிடப் பாதுகாப்பானவை என்று எண்ண வேண்டாம். சிலவற்றில் பாஸ்பேட் உப்புகள் சேர்க்கப்படுகின்றன. பொட்டலத்தில் வரும் ‘லாட்டே’ தூள்களைத் திருப்பிப் பாருங்கள். உட்பொருள்களை எடையின் இறங்குவரிசையில்தான் அச்சிடுவார்கள். முதற்பெயர் சர்க்கரையாக இருந்தால் நீங்கள் வாங்குவது தேநீர் அன்று.

சிலருக்கு நான் இன்றும் ‘வேண்டாம்’ என்றே சொல்வேன், காரணத்தோடு. நட்சத்திரப் பழத்தைச் சிறுநீரக நோயாளிகள் எவ்வடிவிலும் தொடக் கூடாது. அதிலுள்ள நச்சுப்பொருள் சிறுநீரகம் வழியே வெளியேற முடியாமல் மூளையைத் தாக்கி, தீராத விக்கல், மனக்குழப்பம், வலிப்பு என்று உயிரையே பறித்ததுண்டு. மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டு டாக்ரோலிமஸ் உட்கொள்வோர் பம்ளிமாசைத் தவிர்க்க வேண்டும். இரத்தத்தில் மருந்தின் அளவு தாறுமாறாக உயரும். இதய வால்வு மாற்றி வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் உட்கொள்வோர், வடித்த தேநீர் ஒரு குவளை அருந்துவதில் தடையில்லை. ஆனால் இலையையே தூளாக்கிக் கரைத்துக் குடிக்கும் மாட்சாவில் வைட்டமின் கே முழுவதும் உள்ளே போகும். அதை அருந்த விரும்பினால் முதலில் உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். பசுந்தேயிலைச் சாறு மாத்திரைகள் எவருக்கும் வேண்டாம் என்பேன். அவற்றின் முதன்மைப் பொருளாகிய இ.ஜி.சி.ஜி. நாளொன்றுக்கு 800 மில்லிகிராமைத் தொட்டால் கல்லீரல் நொதிகள் உயர்வதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் சுட்டிக்காட்டியது. வடித்துக் குடிப்பவர்களுக்கு ஒரு நாளில் கிடைப்பது சராசரியாக 90 முதல் 300 மில்லிகிராம்தான்.

சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு மாறான செய்தி. இரத்தக் குழாய்களுக்கான பயனைக் குறைப்பதாகச் சொன்ன அதே பால், இவர்களுக்கு உதவும். தேநீரில் உள்ள ஆக்சலேட்டைப் பாலின் கால்சியம் குடலிலேயே பிடித்து நிறுத்திவிடும். இதற்காக நாளெல்லாம் தேநீர் குடிக்க வேண்டாம். நாள்தோறும் பதினாறு குவளை ஐஸ் டீ குடித்து, ஆக்சலேட் படிந்து சிறுநீரகம் பழுதான ஓர் அமெரிக்கரைப் பற்றி 2015-இல் மருத்துவ இதழில் படித்தோம்.

இவ்வளவும் நோயாளியைப் பற்றியது. அந்த மகளைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. உணவுத் திட்டம் போட உட்கார்ந்த அன்று, அவருடைய கண்ணிமையின் உட்புறம் வெளிறியிருந்ததைக் கவனித்தேன். மாதக்கணக்கில் இரும்புச் சத்து மாத்திரை உட்கொள்கிறார், பலனில்லை என்றார். எப்போது உட்கொள்கிறீர்கள் என்று கேட்டேன். கடையில் மதியச் சாப்பாடு முடிந்ததும், கையிலிருக்கும் பசுந்தேநீரோடு. தேநீரின் துவர்ப்புப் பொருள்கள் இரும்பைப் பிணைத்துக் குடலுக்குள் சேரவிடாமல் தடுக்கும். தந்தைக்கு நாங்கள் இரும்பை நரம்பின் வழியே செலுத்துகிறோம். அவர் எந்தத் தேநீர் குடித்தாலும் அதற்கு இடையூறில்லை. தந்தையைக் குறித்து நாங்கள் இத்தனை கவலைப்பட்ட தேநீர், உண்மையில் பாதித்துக்கொண்டிருந்தது அவரைப் பராமரிக்கும் மகளை. 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. நோயாளியின் அருகில் நாற்காலியில் அமர்ந்திருக்கும் தாய்மாரை, மனைவியரை, மகளிரை நாங்கள் நிமிர்ந்து பார்ப்பதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னும் ஒரு மணி நேரம் பின்னும் தேநீரையும் காபியையும் தவிர்க்கச் சொல்கிறது. மாத்திரைக்கும் அதே விதி. மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடோ நெல்லிக்காயோடோ உட்கொண்டு, தேநீரை மாலைக்குத் தள்ளிவைக்கச் சொன்னேன். மூன்று மாதத்தில் அவருடைய ஹீமோகுளோபின் ஏறத்தொடங்கியது. தந்தைக்கு ஒரு குவளை, தனக்கு ஒரு குவளை என்று மாலை ஐந்தரைக்கு இருவரும் சேர்ந்து அருந்துகிறார்களாம்.

என் சக மருத்துவர்கள் சிலர் இந்தக் கட்டுரையோடு உடன்படமாட்டார்கள். ‘வேண்டாம் என்று சொன்னாலே பாதிப் பேர்தான் கேட்கிறார்கள், அளவு சொன்னால் அதையும் மீறுவார்கள்’ என்று ஒருவர் என்னிடமே சொன்னார். அவர் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. ஒரு முற்பகலில் அறுபது பேரைப் பார்க்கும் அறையில், ஆப்பிளை வேகவைக்கும் முறையைச் சொல்ல நேரம் ஏது? ஆனால் என் அனுபவத்தில், மொட்டையான தடையை மக்கள் இரண்டு வகையில் எதிர்கொள்கிறார்கள். சிலர் மறைத்துச் செய்கிறார்கள். சிலர் அந்தப் பெண்ணைப்போலத் தவறாகப் புரிந்துகொண்டு உண்மையாகக் கடைப்பிடிக்கிறார்கள். இரண்டும் இரவு பன்னிரண்டு மணிக்கு அவசரப் பிரிவில்தான் வெளிப்படுகின்றன. அளவு சொல்லச் செலவாகும் ஐந்து நிமிடம் அங்கே செலவாகும் ஐந்து மணி நேரத்தைவிடக் குறைவு. நேரம் இல்லை என்று மருத்துவர் சொன்னால், உணவியல் வல்லுநரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. என்னிடம் கேட்டும் நான் நிமிராமல் பதில் சொன்னால், ‘ஏன் டாக்டர்?’ என்று மறுபடியும் கேளுங்கள்.

இன்னொன்று. ஒரு டம்ளர் என்று நீங்கள் சொல்வதும் ஒரு டம்ளர் என்று நான் எண்ணுவதும் ஒன்றாக இருப்பதில்லை. குருசுக்குப்பத்துப் பெரியவரின் டம்ளரை அளந்து பார்த்தபோது அது 320 மில்லிலிட்டர் கொண்டது. கடலுக்குப் போகும் காலத்தில் வாங்கிய பித்தளை டம்ளர், அதில்தான் குடிப்பேன் என்கிறார். உள்ளே பாதிக்குச் சற்று மேல் ஒரு கோடு கீறிக் கொடுத்தோம். அடுத்த முறை எங்களைப் பார்க்க வரும்போது, வீட்டில் நீங்கள் அருந்தும் டம்ளரையும் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். டயாலிசிஸ் பிரிவின் மேசையில் அளவுக் குடுவை வைத்திருக்கிறோம்.